'ஓப்பன் த லைட்' தப்பா? சீனம் பேசுபவர்களும் 'ஓப்பன்' என்ற வினையும்

மார்ச் 2, மாலை (வாசகர் கேள்வி)

சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்பவர் சீனாவிலிருந்து வந்தவர், நல்ல மனிதர், பள்ளியிலேயே ஆங்கிலம் படித்தவர். நேற்று என்னைக் கூப்பிட்டு 'ஓப்பன் த மெஷின்' என்றார். நான் ஸ்பானரை எடுத்து மேல் மூடியைக் கழற்றிவிட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மெஷினை ஆன் பண்ணச் சொன்னாராம். லைட், ஃபேன், ஏசி எல்லாவற்றுக்கும் அவருக்கு 'ஓப்பன்'தான். இவ்வளவு படித்தவர் இதை எப்படித் தவறவிட்டார்? அவர் மனம் கோணாமல் இதை எப்படி விளக்குவது?

மார்ச் 2, இரவு

படிப்புக் குறை இல்லை. அவருடைய மொழியில் அந்த இடத்தில் ஒரே வினைதான் இருக்கிறது. சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் 'கை'. உச்சரிப்பு நம் கை போலவே காதில் விழும், கொஞ்சம் மூச்சு சேர்த்து உயரமாகச் சொல்வார்கள். கதவைத் திறப்பது 'கை மென்'. லைட்டைப் போடுவது 'கை தெங்'. கார் ஓட்டுவது 'கை ச்சே'. கூட்டம் நடத்துவது 'கை ஹுவே'. இதோடு நிற்காது. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தாலும் கை, ஆபரேஷன் செய்தாலும் கை, கடைக்காரர் பில் போட்டாலும் கை. பூ மலர்ந்தால் கை, தண்ணீர் கொதித்தால் கை, கிண்டல் செய்தாலும் கை.

பள்ளியில் முதல் பாடத்தில் 'கை என்றால் ஓப்பன்' என்று ஒரு வரி மனப்பாடம் ஆகியிருக்கும். கதவு, ஜன்னல், புத்தகம் என்று அந்தப் பாடத்தில் வருவதற்கெல்லாம் அது பொருந்தியும் இருக்கும். லைட்டுக்குப் பொருந்தாது என்று பிற்பாடு யாரும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதை நாம் சிரித்துக் கடந்துபோக முடியாது. நம் 'போடு' என்ன லேசுப்பட்டதா? லைட் போடு, டீ போடு, சட்டை போடு, ஊசி போடு, கோலம் போடு, கையெழுத்துப் போடு, பூட்டுப் போடு, சண்டை போடு, கூட்டம் போடு. 'புட் த ஃபேன்' என்று ஊரில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! அவருக்கு 'கை' எப்படியோ அப்படித்தான் நமக்கு 'போடு'. அவரிடம் பேச்சை இங்கிருந்து தொடங்குங்கள். எங்கள் மொழியிலும் இப்படி ஒன்று உண்டு என்று சொல்லி 'போடு' பட்டியலைக் காட்டினால் மனம் கோணாது.

மார்ச் 3

என்னைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். எலக்ட்ரிகல் பராமரிப்பில் இருந்தவன். உடன் வேலை பார்த்த சீன நண்பர்களிடமிருந்து மாண்டரின் ஒட்டிக்கொண்டது. இப்போது சில மாலைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கிறேன், வருகிறவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

வகுப்பில் முதலில் சொல்லிக் கொடுப்பது இதுதான்: மூடி, கதவு, வாய் இந்த மூன்றில் ஒன்று இருந்தால் 'ஓப்பன்'. பெட்டி, பாட்டில், பை, கண், குடை, கடிதம் எல்லாம் அடங்கிவிடும். மின்சாரத்தில் ஓடுவதென்றால் 'டர்ன் ஆன்'. சக்கரம் வைத்து ஓடுவதென்றால் 'டிரைவ்'. கடைசி விதி இல்லை இது, ஆனால் ஆரம்பத்துக்குப் போதும்.

வாசகர் கழற்றிய மூடியையும் இதே விதி விளக்கிவிடும். 'ஓப்பன் த டிவி' என்றால் ஆங்கிலக் காதுக்கு டிவியின் பின்பக்க ஸ்குருவைக் கழற்று என்றுதான் கேட்கும். ஸ்பானரை எடுத்ததில் உங்கள் மேல் குற்றமே இல்லை.

மார்ச் 5, காலை

'சிங்கப்பூர் முழுக்க ஓப்பன் த லைட் என்றுதான் சொல்கிறார்கள், அதை ஏன் திருத்த வேண்டும்?' என்று ஒருவர் காட்டமாகக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

இங்கே அது சீனர்களால் மட்டும் வந்ததில்லை. மலாயில் கதவுக்கும் 'பூக்கா', விளக்குக்கும் 'பூக்கா லம்பு'. அணைப்பதற்கு 'தூத்துப்', அதாவது மூடு. இங்குள்ள மற்ற சீன மொழிகளான ஹொக்கியனில் 'குய்', கான்டனீஸில் 'ஹோய்', இரண்டும் மாண்டரினின் அதே எழுத்துதான். பக்கத்து வீட்டு மொழிகள் எல்லாம் ஒரே மாதிரி சொல்லும்போது ஆங்கிலமும் வளைந்து கொடுத்துவிட்டது. பிலிப்பைன்ஸிலும் கேட்கலாம், கியூபெக் பிரெஞ்சிலும் விளக்கைத் 'திறக்கிற' வழக்கு உண்டு. 2000-இல் நல்ல ஆங்கிலம் பேசுவோம் என்று அரசே ஓர் இயக்கம் தொடங்கியது. அதற்குப் பிறகும் காப்பிக்கடையில் 'ஓப்பன் த ஃபேன்' உயிரோடுதான் இருக்கிறது.

காப்பிக்கடையில் அதைத் திருத்த மாட்டேன். ஃபேன் சுற்றினால் வேலை முடிந்தது. தேர்வு எழுதுகிறவருக்கும், வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் போனில் பேசுகிறவருக்கும், மின்சாரத்தோடு வேலை செய்கிறவருக்கும் திருத்துவேன். மூன்றாவது ஆளுக்குக் கண்டிப்பாக. ஏன் என்று இரவு விரிவாக எழுதுகிறேன், இப்போது கிளம்ப வேண்டும்.

மார்ச் 5, இரவு

மின்சாரத்தில் 'ஓப்பன்' என்றால் நிறுத்து.

சர்க்கியூட் திறந்திருந்தால் கரண்ட் ஓடாது, மூடியிருந்தால் ஓடும். பிரேக்கர் என்பது கரண்டை இணைக்கவும் துண்டிக்கவும் உள்ள பெரிய ஸ்விட்ச். 'ஓப்பன் த பிரேக்கர்' என்று மேற்பார்வையாளர் சொன்னால் இணைப்பைத் துண்டி என்று பொருள். 'க்ளோஸ் த பிரேக்கர்' என்றால் கரண்ட் கொடு. 'ஓப்பன் என்றால் ஆன்' என்று தலையில் ஏற்றிக்கொண்டவர் இதைக் கேட்டால் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் யாரோ கேபிளில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

குழப்பத்தைக் கூட்ட, அதே ஆலையில் வால்வும் இருக்கிறது. 'ஓப்பன் த வால்வ்' என்றால் தண்ணீரோ நீராவியோ ஓடத் தொடங்கும். ஒரே வினை, ஒரே கூடம். குழாயில் ஓட்டம் தொடங்குகிறது, கம்பியில் ஓட்டம் நிற்கிறது. புதிதாக வரும் தமிழ்ப் பையன்களும் இதில் தடுமாறிப் பார்த்திருக்கிறேன். ஆகவே இது சீன மொழிக்காரர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் என்று நினைக்க வேண்டாம்.

சீன மின்பணியாளர்களின் தொழில்பேச்சில் இந்தக் குழப்பம் கிடையாது. பிரேக்கருக்கு அவர்கள் 'கை' என்று சொல்வதில்லை. 'ஹெ' என்றால் சேர்த்துவிடு, 'ஃபென்' என்றால் பிரித்துவிடு. சீனாவில் செய்த பிரேக்கரின் முகப்பில் சின்ன ஜன்னலில் இந்த இரண்டு எழுத்துகளில் ஒன்று தெரியும். சேர்ந்திருந்தால் சிவப்பு, பிரிந்திருந்தால் பச்சை. வேலை தெரிந்த சீனப் பணியாளரிடம் 'இந்த ஓப்பன் உங்கள் கை இல்லை, உங்கள் ஃபென்' என்று ஒரு வரி சொன்னால் போதும், அந்த நிமிடமே பிடித்துக்கொள்வார். வீட்டில் லைட் போடுகிற 'கை'யையும் பேனலில் நிற்கும் 'ஓப்ப'னையும் அவருக்குள் யாரும் பிரித்து வைக்காததுதான் ஆபத்து.

சாதாரண ஸ்விட்சுக்கு மாண்டரினில் பெயரே 'கை-குவான்', அதாவது திற-மூடு. அந்தப் பெயரைச் சொல்லி வளர்ந்தவர் 'ஓப்பன் த ஸ்விட்ச்' என்பதை வேறு எப்படிப் புரிந்துகொள்வார்?

மார்ச் 6

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. பணியிடத்தில் வாய்மொழியாக 'ஓப்பன்', 'க்ளோஸ்' இரண்டையும் தவிர்த்து 'பவர் ஆஃப்', 'பவர் ஆன்' என்றே பேசலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பலமொழிக் குழுவில் அதுதான் நல்லது. ஆனாலும் ஓப்பனையும் க்ளோஸையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், வரைபடத்திலும் வேலை அனுமதித் தாளிலும் அவைதான் எழுதியிருக்கும்.

மார்ச் 8

பிரேக்கரை விட்டு வருகிறேன். அதிகம் பேர் தடுக்கி விழுவது இன்னோரிடத்தில்: 'த லைட் இஸ் ஓப்பனிங்.'

லைட் எரிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு மாண்டரினில் 'தெங் கை-ஜ'. அந்த 'ஜ' ஒரு நிலை தொடர்கிறது என்று காட்டும் ஒட்டு. வகுப்பில் 'ஜ என்றால் இங்' என்று கற்றவர்கள் அதை அப்படியே மாற்றிவிடுகிறார்கள். கதவு திறந்து கிடக்கிறது என்பதற்கும் 'த டோர் இஸ் ஓப்பனிங்'. ஆங்கிலத்தில் இதைக் கேட்டால் கதவு இப்போதுதான் மெல்ல விலகிக்கொண்டிருக்கிறது என்று தோன்றும்.

இதற்கு எனக்கு லிஃப்ட் உதவுகிறது. மாடிக்கு வந்ததும் லிஃப்ட் குரல் 'டோர் ஓப்பனிங்' என்கிறது. கதவு நகர்கிற அந்த இரண்டு மூன்று விநாடிக்குத்தான் அந்தச் சொல். முழுதாக விலகி நின்றுவிட்டால் 'த டோர் இஸ் ஓப்பன்'. வகுப்பு முடிந்ததும் எல்லோரையும் லிஃப்ட் முன்னால் நிறுத்திக் கதவைக் காட்டிச் சொல்ல வைப்பேன். கதவு நகரும்போது எல்லோரும் 'ஓப்பனிங்', நின்றதும் 'ஓப்பன்', மறுபடி நகரும்போது 'க்ளோஸிங்', மூடியதும் 'க்ளோஸ்ட்'. லிஃப்டில் இருந்து இறங்குகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. அந்தப் பாடம் மறப்பதில்லை.

லைட்டுக்கு நிலையைச் சொல்ல வினையே வேண்டாம், 'த லைட் இஸ் ஆன்' போதும். தமிழில் நாம் இந்த இடத்தில் 'எரிகிறது' என்று வேறு வினைக்குப் போய்விடுகிறோம். அதனால் தமிழர்கள் இந்தக் குறிப்பிட்ட தவறைச் செய்து நான் அதிகம் பார்த்ததில்லை.

மார்ச் 8, கொஞ்சம் கழித்து

'ஓப்பன்' நிலை, சரி. 'க்ளோஸ்' ஏன் நிலை இல்லை, ஏன் 'க்ளோஸ்ட்' என்று கேட்கிறார்கள். சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். கடை வாசலில் ஒரு பக்கம் 'ஓப்பன்', திருப்பினால் 'க்ளோஸ்ட்'. ஒன்றுக்கு வால் இல்லை, இன்னொன்றுக்கு உண்டு. ஆங்கிலம் இப்படித்தான், காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 'த ஷாப் இஸ் ஓப்பன்ட்' என்று ஜோடி சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைச் சொன்னால் யாரோ வந்து திறந்த செயலைத்தான் குறிக்கும்.

வால் இல்லாத 'க்ளோஸ்' பக்கத்தில் இருப்பதைக் குறிக்கும், ஒலியும் மாறும், கடைசியில் 'ஸ்' அழுத்தமாக வரும். 'த பேங்க் இஸ் க்ளோஸ்' என்று ஒருவர் சொன்னால் வங்கி பக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைத்து நடக்கத் தொடங்கிவிடுவோம். மாண்டரினில் ஓர் அசை உயிரொலியில் முடியும், இல்லையென்றால் 'ன்', 'ங்', சில இடங்களில் 'ர்'. அந்த வாய்க்கு 'க்ளோஸ்ட்' கடைசியில் இரண்டு மெய் அடுத்தடுத்து வருவது கடினம், 'ட்' உதிர்ந்துவிடும். இலக்கணம் தெரிந்தே இருக்கும், வாய் ஒத்துழைக்காது. இவர்களுக்கு இலக்கணப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. 'க்ளோஸ்ட் ஆன் சண்டே' என்று அடுத்த சொல்லின் உயிரோடு சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள், 'ட்' தானாக ஒட்டிக்கொள்ளும்.

மார்ச் 9

எழுத்தைப் பற்றி ஒருவர் கேட்டதால். பழைய வடிவ 'கை' எழுத்தில் இரட்டைக்கதவு ஒன்று நிற்கும். உள்ளே குறுக்கே ஒரு தாழ், கீழே அதை எடுக்கும் இரண்டு கைகள். 1950-களில் சீனா எழுத்துகளை எளிமையாக்கியபோது கதவு போய்விட்டது, தாழும் கைகளும் மட்டும் மிச்சம். 'குவா'னிலும் கதவை எடுத்துவிட்டார்கள். ஹாங்காங், தைவான்காரர்கள் இன்னும் கதவோடு எழுதுகிறார்கள். ஒலி நம் 'கை' போல இருப்பதும் எழுத்தில் கைகள் இருப்பதும் வெறும் தற்செயல், ஆனால் நம்மவர்களுக்கு நினைவில் நிற்க இதைவிட நல்ல வழி கிடைக்காது.

மார்ச் 12

3-ஆம் தேதி எழுதிய மூடி-கதவு-வாய் விதிக்கு வருகிறேன். முன்னேறிய மாணவர்களுக்கு அது போதாது. வங்கிக் கணக்குக்கு மூடி ஏது? 'ஓப்பன் அன் அக்கவுண்ட்' சரி. கடை தொடங்கினாலும் 'ஓப்பன் எ ஷாப்' சரி. துப்பாக்கிச் சூடு தொடங்கினால் 'ஓப்பன் ஃபயர்', மாண்டரினிலும் அதே 'கை ஹுவோ', சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகும். 1978 டிசம்பரில் சீனத் தலைவர் டெங் சியோபிங் காலத்தில் தொடங்கிய பொருளாதாரக் கொள்கையையும் ஆங்கிலத்தில் 'ரிஃபார்ம் அண்ட் ஓப்பனிங் அப்' என்றே சொல்கிறார்கள். அங்கேயும் சீனத்தில் 'கை' உண்டு.

இவற்றில் பொதுவாக எனக்குத் தெரிவது, முன்பு அடைந்திருந்த ஒரு வழி கிடைத்துவிட்டது என்பது. கணக்கில் பணம் போகலாம், கடைக்குள் ஆள் போகலாம், நாட்டுக்குள் முதலீடு போகலாம். லைட்டுக்குள் யாரும் போவதில்லை.

கூட்டம்தான் வழுக்கும் இடம். நேற்று கூட்டம் நடந்தது என்பதற்கு 'வீ ஓப்பன்ட் எ மீட்டிங்' என்று எழுதிவிடுகிறார்கள். 'ஹேட் எ மீட்டிங்' என்றால் சரி. 'ஓப்பன் த மீட்டிங்' என்றும் ஆங்கிலத்தில் உண்டு, ஆனால் தலைவர் எழுந்து நின்று கூட்டத்தைத் தொடக்கிவைக்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும். தவறு கண்ணில் படாது, பொருள் மட்டும் மாறிப்போகும். இப்படிப்பட்ட தவறுகளைத்தான் நான் அதிகம் தேடித் திருத்துகிறேன். 'ஓப்பன் த கார்' என்று சொல்பவரை எதிரே இருப்பவரே திருத்திவிடுவார். 'ஓப்பன்ட் எ மீட்டிங்' என்று எழுதுபவரை யாரும் திருத்த மாட்டார்கள்.

கொதித்த தண்ணீர் 'கை-ஷுவே'. அதை 'ஓப்பன் வாட்டர்' என்று சொன்னால் ஆங்கிலத்தில் அது கரையில்லாத கடல்.

மார்ச் 15

'டர்ன் ஆன்' ஏன் டர்ன், எதைத் திருப்புகிறோம்? குழாயையும் கேஸ் விளக்கையும் திருகித்தான் போட்டார்கள், மின்விளக்கு வந்த பிறகும் வினை அப்படியே தங்கிவிட்டது.

இரண்டு துண்டு வினைகளை என் மாணவர்கள் கூடிய மட்டும் தவிர்க்கிறார்கள். ஒரு சொல்லில் முடிந்தால் நிம்மதி. அதனால்தான் 'ஓப்பன்' பக்கம் ஓடுகிறார்கள். 'இட்' வரும்போது நடுவில் செருக வேண்டும் என்பது இன்னும் எரிச்சல்: 'டர்ன் இட் ஆன்' சரி, 'டர்ன் ஆன் இட்' தவறு. லைட் என்று பெயரைச் சொன்னால் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை, 'டர்ன் ஆன்' பக்கத்தில் ஆளின் பெயரைப் போடாதீர்கள். அர்த்தம் வெட்கப்பட வைக்கும்.

சிங்கப்பூர் ஆங்கிலம் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது: 'ஆன் த லைட்', 'ஆஃப் த லைட்'. 'ஆன்' என்ற சொல்லையே வினையாக்கிவிட்டார்கள். நாம் 'ஆன் பண்ணு', 'ஆஃப் பண்ணு' என்று பின்னால் ஒரு பண்ணுவை ஒட்டிக்கொண்டோம். தேவை ஒன்றுதான், ஒவ்வொரு மொழியும் தனக்குத் தோதான வழியில் தீர்த்துக்கொண்டது. எனக்கு இரண்டுமே பிடிக்கும்.

மார்ச் 20

எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

வினையில் தொடங்காதீர்கள், பொருளில் தொடங்குங்கள். அட்டையில் 'ஓப்பன்' என்று எழுதி அதன் அர்த்தங்களை வரிசையாகக் கொடுத்தால் மாணவர் மறுபடி 'கை' என்று மனதுக்குள் எழுதிக்கொள்வார். நான் அட்டையில் பொருளை எழுதுகிறேன்: லைட், டாக்டர் சீட்டு, ரசீது, கார், கூட்டம், கணக்கு. மாணவர் அட்டையை எடுத்து அதற்குரிய ஆங்கில வினையைச் சொல்ல வேண்டும். கிளினிக்கில் துப்புரவு வேலை பார்க்கும் ஓர் அக்கா வகுப்புக்கு வருகிறார். அவர் 'டாக்டர் ஓப்பன் மெடிசின்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் சீட்டு அட்டை வந்ததும் நின்றார், கையால் எழுதுவது போலச் சைகை செய்தார், அப்புறம் 'ரைட்' என்றார். 'பிரிஸ்கிரைப்' வரவில்லை. வேண்டாம், 'ரைட் எ பிரிஸ்கிரிப்ஷன்' தாராளமாகப் போதும். அதோடு 'கை'யின் பிடி அந்த இடத்தில் விட்டுப்போயிற்று.

மருந்து பற்றி ஒரு துணைக்குறிப்பு. அவர்கள் 'ஈட் மெடிசின்' என்பார்கள், மாண்டரினில் மருந்தைச் சாப்பிடுவதுதான் வழக்கம். தமிழிலும் மருந்து சாப்பிடுகிறோம். ஆங்கிலத்தில் மட்டும் 'டேக்'. இந்த இடத்தில் நானும் என் மாணவர்களும் ஒரே கட்சி.

முதலில் கேட்ட பட்டறை வாசகருக்கு: உங்கள் கூடத்தில் உள்ள பொருள்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். மெஷின், பம்ப், வால்வ், பிரேக்கர், பேனல் கதவு. இவற்றுக்கு 'ஸ்டார்ட்', 'ஸ்டார்ட்', 'ஓப்பன்', 'ஓப்பன்' (நிறுத்த), 'ஓப்பன்'. பேனல் கதவும் பிரேக்கரும் அடுத்தடுத்து இருக்கும், அந்த இரண்டை மட்டும் இரண்டு முறை சொல்ல வையுங்கள்.

ஏப்ரல் 2

ஆன்லைன் வகுப்பு எடுப்பவர் ஒருவரின் கேள்வி: 'ஓப்பன் யுவர் கேமரா' தவறா?

போனில் படம் எடுக்கும் ஆப் என்றால் 'ஓப்பன் த கேமரா' முழுக்கச் சரி, ஆப்பும் ஃபைலும் திறக்கிறவைதான். வீடியோ கூட்டத்தில் முகம் காட்டச் சொல்வதென்றால் 'டர்ன் ஆன் யுவர் கேமரா'. மைக்குக்கு 'அன்மியூட்' என்று சொல்லிவிடலாம். 'ஓப்பன் மைக்' என்றால் யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பாடவோ பேசவோ செய்யலாம் என்கிற நிகழ்ச்சி. லேப்டாப்பை 'ஓப்பன்' செய்தால் மடக்கிய மூடியைத் தூக்குவது, 'டர்ன் ஆன்' செய்தால் பட்டனை அழுத்துவது, இரண்டும் இந்த வரிசையில் நடக்கும். அணைக்கும்போது 'க்ளோஸ் த கம்ப்யூட்டர்' என்று சொல்ல வேண்டாம், 'ஷட் டவுன்' என்று சொல்லப் பழக்குங்கள். மூடியை மட்டும் மடக்கிவிட்டு எழுந்து போகிறவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

பார்ப்பது, படிப்பது, டாக்டரிடம் போவது மூன்றுக்கும் மாண்டரினில் 'கான்' என்ற ஒரே வினைதான். அதைக் கேட்டவர்களுக்குத் தனி இழை தொடங்குகிறேன், இங்கே கலக்க வேண்டாம்.